எழுந்து நின்றால் தலைசுற்றும் பிள்ளைக்கு எது முதலில்? உப்புநீர், இறுக்க உடை, படுத்துச் செய்யும் பயிற்சி, மாத்திரை

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் நம் வீடுகளில் 13, 14 வயதுப் பிள்ளை காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் முதலில் விழுவது திட்டுதான். "ராத்திரி முழுக்க போன், அப்புறம் காலையில எப்படி எழுந்திருப்ப?" அதே பிள்ளை பள்ளி அசெம்பிளியில் இரண்டாவது தடவை சரிந்து விழுந்த பிறகே மருத்துவரிடம் போகிறோம். அவர் பரிசோதித்துவிட்டு, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் தானாக இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் தடுமாறுகிறது, எழுந்து நின்றால் நாடி அளவுக்கு மீறி ஏறும் பாட்ஸ் (POTS) என்ற கோளாறாக இருக்கலாம், உப்பும் தண்ணீரும் கூட்டிக் கொடுங்கள் என்கிறார். வீட்டிலோ ஆயாவுக்கு பிரஷர் வந்ததிலிருந்து உப்பைக் குறைத்தே சமையல். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி செய்யச் சொல்கிறார். மருந்துக்கடையில் இறுக்கக் காலுறையைக் காட்டுகிறார்கள். மாத்திரை போட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்கிறார் மாமா.

நான்குமே இந்தக் கோளாறுக்கு உண்மையில் பயன்படுபவை. எதில் தொடங்குவது, எதை எப்போது சேர்ப்பது, எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பதில்தான் குழப்பம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து நாளத்திலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைச் சில நொடிகளில் கண்டுகொண்டு தன்னியக்க நரம்புகளுக்குச் சொல்ல, அவை ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. பாட்ஸ் உள்ள பிள்ளைக்கு இந்தச் சுருக்கம் போதவில்லை, அல்லது உடம்பில் ரத்தத்தின் அளவே குறைவு, அல்லது இரண்டும். ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. படபடப்பு, கண் இருட்டல், தலை மந்தம், குமட்டல், கை நடுக்கம், கால் நீலம் பூப்பது எல்லாம் அதிலிருந்து வருபவை. பெண் பிள்ளைகளுக்கு அதிகம். பூப்பெய்தும் வயதை ஒட்டி, வேகமாக உயரம் கூடும்போது, அல்லது ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குவது வழக்கம். சோம்பலோ நடிப்போ அல்ல என்பதை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் மற்றதெல்லாம் நடக்கும்.

எப்போதாவது ஒருமுறை வெயிலில் நின்றோ ஊசியைப் பார்த்தோ மயங்கி விழுவது வேறு. அது வளரிளம் வயதில் மிகச் சாதாரணம். பாட்ஸ் என்று சொல்ல, நின்றால் தொல்லை படுத்தால் நிம்மதி என்ற நிலை குறைந்தது 3 மாதம் நீடித்திருக்க வேண்டும்.

எதையும் தொடங்குமுன்

உப்பு, காலுறை என்று இறங்குவதற்கு முன் ஒரு ஈசிஜி கட்டாயம். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கினால், திடீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டு மயங்கினால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் சட்டென விழுந்தால், குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் இறந்திருந்தால், பிள்ளையை உடனே இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீண்ட க்யூடி என்ற மின்கோளாறு தென்னாப்பிரிக்காவில் சில ஆஃப்ரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதால் இங்குள்ள இதய மருத்துவர்களுக்கு நன்கு பழக்கம். அது எந்த இனத்தாருக்கும் வரும். நம் குடும்பத்தில் அப்படியில்லை என்று தள்ளிவிடக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு அதிகம் போகும், சைவம் மட்டும் சாப்பிடும் பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். பி12, தைராய்டு, சோடியம், பொட்டாசியம் ஆகியவையும் வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனை. கவனக்குறைவுக் கோளாறுக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளையானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மருந்தே நாடியைக் கூட்டும்.

எளிதில் தவறிப்போவது அடிசன் நோய். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்காமல் போவதால் வருவது. காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் நாட்டில் அது அந்தச் சுரப்பியையும் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. எடை இறங்குகிறது, உள்ளங்கைக் கோடுகளும் ஈறும் கருக்கின்றன, பிள்ளை உப்பை அள்ளித் தின்கிறது, எழுந்தால் ரத்த அழுத்தம் விழுகிறது என்றால் அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலுக்குக் காலை நேரப் பரிசோதனை உடனே வேண்டும். கூடுதல் உப்பு கொடுத்தால் இந்த நோயாளிக்கும் கொஞ்ச நாள் தெம்பு வரும். அதற்குள் நோய் முற்றிவிடும்.

சுவரோரப் பரிசோதனையா, சாய்வு மேசையா?

நோயை உறுதிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, நிற்கவைத்து எண்ணிப் பார்ப்பது. இன்னொன்று, மேசையில் கட்டி 60 முதல் 70 பாகை வரை நிமிர்த்திப் பார்ப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலாவதே போதும். மேசைப் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு, அதற்கு நாள் வாங்கக் காத்திருக்க வேண்டும். மயக்கத்துக்குக் காரணம் புரியாதபோதும், வலிப்பா மயக்கமா என்ற சந்தேகம் வரும்போதும் அது தேவைப்படும்.

நிற்கவைத்துப் பார்ப்பதைக் கிளினிக் நர்ஸே செய்யலாம். காலையில், டீ காபி குடிக்காமல், முந்தைய நாள் கூடுதல் உப்பு எடுக்காமல் செய்தால் முடிவு நம்பகமாக இருக்கும். பிள்ளையை 10 நிமிடம் அசையாமல், பேசாமல் படுக்கவைத்து நாடியும் ரத்த அழுத்தமும் எடுக்க வேண்டும். பிறகு எழுந்து சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குதிகாலை வைத்து, தோளை மட்டும் சுவரில் சாய்த்து நிற்கட்டும். 1, 3, 5, 7, 10ஆம் நிமிடங்களில் இரண்டையும் குறிக்க வேண்டும். காலை ஆட்டுவதும், எடையை மாற்றி மாற்றி நிற்பதும், விரலை மடக்குவதும் கூடாது. தசை அசைந்தால் ரத்தம் மேலேறி எண் பொய்யாகிவிடும். எதிரே ஒருவர் எப்போதும் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். முகம் வெளுத்தாலோ பிள்ளை முடியவில்லை என்றாலோ அந்த நிமிடத்தோடு நிறுத்திப் படுக்கவையுங்கள், நின்றவரை கிடைத்த எண்ணே பயன்படும்.

12 முதல் 19 வயது வரை 10 நிமிடத்துக்குள் நாடி நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக விழாமல், பழைய அறிகுறிகளும் கிளம்பினால்தான் பாட்ஸ். பெரியவர்களுக்கு இந்த வரம்பு 30. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் 12, 13 வயதைத் தாண்டிய பிள்ளையைப் பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே பெரியவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் நோய்ப் பெயர் விழுந்துவிடும். 14 வயதில் நின்றதும் நாடி 32 கூடுவது இயல்புக்குள் வருவது. எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எந்த வரம்பை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். கைக்கடிகாரம் காட்டும் நாடியை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மாறாக, நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 விழுந்தால் அது வேறு கோளாறு. நீர் வற்றியிருக்கிறதா, மருந்து காரணமா, அட்ரீனலா என்று முதலிலிருந்து தேட வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

செலவு மிகக் குறைவு, பலன் சில நாட்களிலேயே தெரியும். எனவே முதலில் வைக்க வேண்டியது இதுதான். ஆனால் சொல்கிற அளவுக்கு எளிதில்லை, பாதி வீடுகளில் இது பலிக்காமல் போவதற்கு அளவும் நேரமும்தான் காரணம்.

வளரிளம் பிள்ளைக்கு நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் திரவம் வேண்டும். அதை மாலையில் ஒரேயடியாகக் குடித்தால் சிறுநீராகப் போய்விடும். அரை லிட்டரைப் படுக்கையருகில் முந்தின இரவே வைத்து, எழுந்திருக்குமுன், தலையணையில் சாய்ந்தபடியே குடித்து முடித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் காலைத் தொங்கப்போட வேண்டும். சாதாரணத் தண்ணீரை இப்படி வேகமாகக் குடித்தால் சில நிமிடத்தில் ரத்தக் குழாய்கள் இறுகத் தொடங்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் பலன் நிற்கும். குளித்து, யூனிஃபார்ம் போட்டு, பஸ் ஏறும் நேரத்துக்கு அது போதும். பிறகு முதல் இடைவேளைக்குள் அரை லிட்டர், இரண்டாவது இடைவேளைக்குள் அரை லிட்டர், பள்ளி விட்டதும் அரை லிட்டர், மீதி ஏழு மணிக்குள்.

பள்ளியில்தான் திட்டம் உடையும். பெண் பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் மதியம் 2 மணி வரை ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. வெளியே சொல்லவும் மாட்டார்கள். பாட்டில் நிரம்பியபடி திரும்பி வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்கவும், கேட்காமலே கழிப்பறைக்குப் போகவும் மருத்துவரின் கடிதம் ஒன்று கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

உப்பு இல்லாத தண்ணீர் உடம்பில் தங்காது. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 6 கிராம். மருத்துவர் சம்மதித்தால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கூட்டலாம். போதுமா என்று அறிய 24 மணி நேரச் சிறுநீரில் சோடியத்தை அளக்கலாம். 170 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இன்னும் கூட்ட இடமுண்டு. உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு இந்த வழி கிடையாது.

ஆயாவின் கவலை நியாயமானதே. பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ரொட்டி, சிப்ஸ், சூப் பொட்டலம் போன்றவற்றில் உப்புக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைத்த நாடு இது. 2013இல் விதி வந்து 2016 ஜூனில் நடைமுறையானது. அதனால் வீட்டுக்கே பொதுவாக உப்பைக் கூட்டாமல் பிள்ளையின் தட்டில் மட்டும் கூட்ட வேண்டும். குழம்பைக் குறைந்த உப்பில் இறக்கிவிட்டுப் பிள்ளையின் பங்குக்குத் தனியாகப் போடுங்கள்.

எதில் கலந்து கொடுப்பது? வயிற்றுப்போக்குக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, 8 தேக்கரண்டி சர்க்கரை என்ற கலவை எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு அது நல்லது. தினமும் 2 லிட்டர் என்று மாதக்கணக்கில் கொடுத்தால் சர்க்கரையே 60 கிராமைத் தாண்டும். நீரிழிவு இவ்வளவு ஓடும் குடும்பங்களில் அது வேண்டாத சுமை. ஓஆர்எஸ் பொட்டலத்தில் சர்க்கரை குறைவு, சோடியம் கூடுதல். காலை அரை லிட்டருக்கோ விளையாட்டு நாளுக்கோ அதை வைத்துக்கொள்ளலாம். அன்றாடத்துக்கு மோரையும் ரசத்தையும் மிஞ்சியது இல்லை. கடையில் கிடைக்கும் மாஸ் என்ற புளித்த பால் ஒரு கப் எடுத்து இரண்டு கப் குளிர்ந்த நீர் விட்டுக் கடைந்து, கால் தேக்கரண்டி உப்பு, இடித்த இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்தால் முக்கால் லிட்டர் மோர். அதிலேயே ஒன்றரை கிராம் உப்பு போய்விடும். பள்ளி ஃப்ளாஸ்கில் ரசத்தைச் சூடாக ஊற்றிக் கொடுத்தால் குளிர்காலத்தில் பிள்ளை மறுக்காமல் குடிக்கும். உப்பு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வேண்டும். ஊறுகாயைச் சோற்றோடு தொட்டுக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்ப முடியாது. ரூய்போஸ் தேநீரில் காஃபீன் இல்லை, கறுப்புத் தேநீருக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டோடு கறுப்புத் தேநீர் குடித்தால் இரும்புச் சத்தும் சேராது.

இன்னொன்று சாப்பாட்டு அளவு. பெரிய தட்டு சோறோ அரை பன்னி சவ்வோ (குடைந்த ரொட்டிக்குள் கறி) உள்ளே போனதும் ரத்தம் குடலுக்குத் திரண்டு, அரை மணியில் தலை சுற்றும். அதே உணவைப் பிரித்து ஐந்து வேளையாகக் கொடுங்கள்.

இறுக்க உடை

பலரும் தவறாக வாங்குவது இதைத்தான். முழங்கால் வரையான காலுறை வாங்கி, பலனில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். நிற்கும்போது ரத்தம் அதிகம் தேங்குவது தொடையிலும் வயிற்றிலும். முழங்காலோடு நின்றுவிடும் காலுறை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை, மேல்பட்டை சுருண்டு இறுக்கினால் ரத்தம் திரும்புவதைத் தடுக்கவும் செய்யும். இடுப்புவரை ஏறும், 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் உடைதான் வேண்டும். கணுக்கால், கெண்டைக்கால், தொடை, இடுப்பு நான்கையும் காலையில் வீக்கம் இல்லாதபோது அளந்து வாங்குங்கள். எழுந்து நடந்த பிறகு போட்டால் ஏற்கெனவே இறங்கிய ரத்தத்தை உள்ளேயே கட்டுவதாகிவிடும், ஆகவே படுக்கையிலேயே, காலைத் தூக்கியபடி மாட்ட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். தினமும் துவைத்துப் போட்டால் நாலைந்து மாதத்தில் இழுவை போய்விடும்.

மாத்திரைக்கு உள்ள பக்கவிளைவு இதற்கு இல்லை, போட்ட அன்றே பலன் தெரியும். ஆனால் டர்பனில் ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் யூனிஃபார்முக்குள் இதைப் போட்டுக்கொண்டு மதியம் வரை எந்தப் பிள்ளையும் உட்காராது. வெப்பமே ரத்தக் குழாயை விரிக்கும் என்பதால் வியர்த்து அவிந்தால் போட்ட பலனும் போய்விடும். கோடையில் வயிற்றுப் பட்டை மட்டும் போதும், கால் உடை இல்லாமலே கணிசமான பலன் தரும், விலையும் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை முழு உடையைப் பயன்படுத்தலாம். எல்லா நாளும் வேண்டாம். நிற்க வேண்டிய நாள், பயணம், தேர்வு நாள் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது எங்கள் எண்ணம்.

படுத்துச் செய்யும் பயிற்சி

நீண்ட காலப் பலனை வைத்துப் பார்த்தால் நான்கில் இதற்கே முதலிடம். படுக்கையிலேயே கிடக்கும் பிள்ளைக்கு சில வாரத்திலேயே ரத்த அளவு குறைந்து, இதயத் தசையும் கால் தசையும் தளர்ந்து, நின்றால் வரும் தொல்லை இரட்டிப்பாகும். பயிற்சி அந்தச் சுழலை அறுக்கிறது. ஆனால் பலன் தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை மோசமானதுபோல் இருக்கும். அதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லாததால்தான் பெரும்பாலோர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தண்ணீரும் உப்பும் இரண்டு வாரம் ஓடிய பிறகு பயிற்சியைத் தொடங்கினால் தாக்குப்பிடிக்க முடியும்.

ஓட்டத்தில் தொடங்கக் கூடாது, நடையிலும் கூடாது. முதல் மூன்று மாதம் உடம்பு கிடையாகவோ உட்கார்ந்தோ இருக்க வேண்டும்: சாய்ந்த நாற்காலி சைக்கிள், துடுப்பு இயந்திரம், நீச்சல். ஜிம் இல்லாத வீட்டில் பாய் போதும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, உட்கார்ந்தபடி குதிகாலை ஏற்றி இறக்குவது. வாரம் 3 நாள், 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி 30 நிமிடத்துக்கு வர வேண்டும். செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி. இடையில் இரண்டு நாள் தொடைக்கும் வயிற்றுக்கும் வலுப்பயிற்சி. தொடங்குமுன் அரை லிட்டர் தண்ணீர். நான்காவது மாதம் சாதாரண சைக்கிள், அதற்கப்புறம் வேகநடை. சளி காய்ச்சல் வந்து நின்றுபோனால் விட்ட இடத்தில் தொடராமல் இரண்டு படி கீழிருந்து தொடங்க வேண்டும்.

நீச்சல் நமக்கு இங்கே கிடைத்திருக்கும் வசதி. தண்ணீரின் அழுத்தமே காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிப்பதால் தரையில் 5 நிமிடம் நிற்க முடியாத பிள்ளை குளத்தில் 20 நிமிடம் அசைந்துகொண்டிருக்கும். வெளியே ஏறும்போதுதான் ஆபத்து: அழுத்தம் சட்டென விலகி, படிக்கட்டிலேயே விழுவார்கள். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் காலை ஆட்டிவிட்டு எழ வேண்டும். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. மயங்கும் பிள்ளைக்குக் கடல் வேண்டாம், குளம் போதும். ஈசிஜி பார்க்காமல் குளமும் வேண்டாம்.

பயிற்சி ஆகாத பிள்ளைகளும் உண்டு. கொஞ்சம் உழைத்தாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ முற்றிலும் விழுந்துபோய், எழ வாரக்கணக்கில் ஆகிறது என்றால், அது பாட்ஸோடு சேர்ந்த நாட்பட்ட சோர்வு நோயாக இருக்கலாம். கோவிட்டுக்குப் பிறகு இது கூடியிருக்கிறது. இவர்களை வாராவாரம் கூட்டிக்கொண்டே போகச் சொன்னால் கெடுதல்தான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பும் 2021இல் அப்படிக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைப் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. இந்தப் பிள்ளைக்கு இருக்கும் சக்தியைப் பங்கிட்டுச் செலவழிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பயிற்சியைப் பிறகு பார்க்கலாம்.

மாத்திரை

பாட்ஸுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து இல்லை. எல்லாம் வேறு நோய்க்கு வந்து இதற்கும் பயன்படுபவை. எங்கள் கருத்தில் மேலே சொன்னவற்றை 6 முதல் 8 வாரம் ஒழுங்காகச் செய்தும் பள்ளிக்கே போக முடியாத பிள்ளைக்குத்தான் மாத்திரை. அடிக்கடி மயங்கி அடிபடும் பிள்ளைக்கு மட்டும் முன்பே தொடங்கலாம்.

எந்த மாத்திரை என்பது பிள்ளையைப் பொறுத்தது. ரத்த அழுத்தம் தாழ்ந்தே இருக்கும், உப்பு போட்டும் தங்கவில்லை என்றால் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், பெரும்பாலும் நாளுக்கு 0.05 அல்லது 0.1 மி.கி. இது உப்பைச் சிறுநீரகத்தில் பிடித்துவைக்கும், அதனால் உப்பு சாப்பிடாமல் இதை மட்டும் போட்டால் வேலை செய்யாது. பொட்டாசியத்தைக் கீழே இறக்கும். தொடங்கிய சில வாரத்தில் ரத்தத்தில் பார்க்க வேண்டும். கால் பிடிப்பு, தலைவலி வந்தால் சொல்ல வேண்டும். ரத்தம் கீழேயே தேங்கும் பிள்ளைக்கு மிடோட்ரின், 2.5 மி.கி.யில் தொடங்கி பகலில் மட்டும் மூன்று வேளை. போட்டதும் தலையோட்டில் ஊர்வதுபோல் இருக்கும், மயிர் சிலிர்க்கும், பயப்பட வேண்டியதில்லை. போட்டுவிட்டுப் படுத்தால் ரத்த அழுத்தம் ஏறிவிடும், கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் 4 மணி நேரம் இடைவெளி கட்டாயம். பள்ளியிலிருந்து வந்து குட்டித் தூக்கம் போடும் பிள்ளைக்கு இது ஒத்துவராது.

படபடப்பே முதல் தொல்லையானால் குறைந்த அளவு ப்ரோப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் கூடவே கூடாது, வீசிங்குக்குச் சின்ன வயதில் பம்ப் அடித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். சோர்வும் மனச்சோர்வும் கூடினால் நிறுத்த வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாக. அதற்கு மாற்றாக ஐவாப்ரடீன் உண்டு. நாடியை மட்டும் குறைக்கும், ரத்த அழுத்தத்தைத் தொடாது. கண்ணில் ஒளிப்பொட்டுகள் தெரியலாம். கருவைப் பாதிக்கும் என்பதால் வயதுவந்த பெண் பிள்ளையிடம் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

கிடைப்பதும் செலவும் தனிச் சிக்கல். நாட்டில் பதிவாகாத மருந்தானால் மருத்துவர் மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் தனி அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தொடங்குமுன்பே மருந்தாளரிடம் இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதியில் தீர்ந்துபோனால் பிள்ளைதான் கஷ்டப்படும். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டாயமாக ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் அடிசன் உண்டு, பாட்ஸ் இல்லை. மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தால் சிலசமயம் ஒப்புவார்கள், இல்லையென்றால் அந்தத் திட்டத்தில் உள்ள உங்கள் சேமிப்பிலிருந்துதான் கழியும்.

நரம்பு வழியே சலைன் ஏற்றச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வாந்தி பேதியில் வற்றிப்போன நாளுக்குச் சரி. வாராவாரம் வழக்கமாக ஏற்றிக்கொள்வது வேண்டாம். நிரந்தரக் குழாய் பொருத்தினால் கிருமித் தொற்றும் ரத்தக் கட்டும் வரலாம்.

பள்ளியும் காவடியும்

வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பதா, அனுப்புவதா? எங்கள் பதில் தெளிவாகவே அனுப்புங்கள் என்பதுதான், பாதி நாளானாலும். காலை முதல் இரண்டு பாடவேளைதான் மிகக் கடினம் என்பதால் அதை விட்டு 10 மணிக்குப் போகலாம். அசெம்பிளியில் உட்கார அனுமதி கேளுங்கள். முதல் பருவத்துத் தடகளப் போட்டியை விட்டுவிடலாம். வரிசையில் நிற்க நேர்ந்தால் காலைக் குறுக்கே பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். கண் இருளும்போது குந்தி உட்காருவதே விழாமல் காக்கும். மெட்ரிக் (12ஆம் வகுப்பு) தேர்வில் ஓய்வு நேரமும் தண்ணீரும் வேண்டுமென்றால் மருத்துவர் அறிக்கையோடு முந்தைய ஆண்டே பள்ளி வழியாக விண்ணப்பிக்கப் பாருங்கள்.

தைப்பூசம் வருவது கோடையின் உச்சத்தில். பத்து நாள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு, வெறுங்காலில் சூடான தார்ச்சாலை, மணிக்கணக்கில் நிற்பது: இந்தக் கோளாறைக் கிளப்பும் எல்லாம் ஒரே நாளில் சேருகின்றன. நேர்ந்துகொண்ட பிள்ளைக்கு மாட்டேன் என்று சொல்வதைவிட மாற்றிக்கொடுப்பது நல்லது. சைவ விரதம் இருக்கட்டும், பட்டினி வேண்டாம்; பாலும் மோரும் பழமும் மூன்று மணிக்கொரு தடவை. முடிந்தால் வெயில் தணிந்த சித்ரா பருவக் காவடிக்கு நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கே எடுப்பதென்றால் அதிகாலை முதல் வரிசையில், கனம் குறைந்த காவடியாக, கூட ஒருவர் உப்புமோரோடு நடக்க. பூசாரியிடம் முன்பே சொல்லிவைத்தால் தீபாராதனை நேரத்தில் உட்காரவைப்பார்.

எப்போது குறைப்பது

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வளரிளம் வயதில் பாட்ஸ் வந்தவர்களை ஏறத்தாழ 5 ஆண்டு கழித்துக் கேட்டபோது ஐந்தில் ஒருவருக்கு முற்றிலும் போயிருந்தது, மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் குறைந்திருந்தது. எனவே எதுவும் வாழ்நாள் முழுக்க என்று தொடங்க வேண்டாம். பள்ளிக்குத் தொடர்ந்து ஆறு மாதம் போய்வந்தால் முதலில் மாத்திரையை, மருத்துவர் சொல்லும் வேகத்தில், விடுமுறையின்போது குறையுங்கள். கோடை தொடங்கும்போதும் தேர்வுக்கு முன்பும் வேண்டாம். அடுத்து இறுக்க உடை. உப்பைக் கடைசியில், வீட்டு அளவுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒருமுறை சுவரோரம் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். பயிற்சியை மட்டும் விடவே வேண்டாம்.